மறுகா

சனிக்கிழமைகளில் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு
ஆலையடிவேம்புப் பள்ளிக்கூடமொன்றின்
ஒன்பதாம் வகுப்பில் போய் உட்காருகிறேன்.
மத்தியஸ்த சபை. சம்பளம் இல்லை.
பிரயாணப்படி என்று தருவது
போக ஓட்டோவுக்குக் காணும், வரக் காணாது.
உனக்கென்னத்துக்கு ஊரார் சண்டை என்பார் வீட்டுக்காரர்.
பதில் இன்னும் தைத்து முடியவில்லை.

கரும்பலகையில் வெள்ளிக்கிழமைப் பாடம் அப்படியே இருந்தது:
செய்வினை. செயப்பாட்டுவினை.
மூலையில் கட்டம் கீறி, அழிக்க வேண்டாம்.

பொன்னுத்தங்கம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.
"செய்வினையா? ஆர் எழுதின? ஆருக்கு?"
இலக்கணம் அக்கா, என்றேன்.
நம்பவில்லை. பலகைக்கு முதுகு காட்டாமல்
கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தாள்.

எதிரே உதுமாலெப்பை.
அவருக்கு, அரை ஏக்கர் குடலைப் பயிர்,
மூன்று இரவு மாடு இறங்கி மிதித்தது.
அவளுக்கு, பால் மாடு ஒன்று,
பின்னங்கால் நரம்பு அறுந்து
பதினேழு நாள் படுத்த இடத்திலேயே கிடந்து செத்தது.
கன்றுக்கு இப்போது போத்தல் பால்.

மூன்றாவது அமர்வு. இதுவும் சரிவராவிட்டால்
இணக்கமின்மைச் சான்றிதழ் எழுதிக் கொடுப்போம்.
அதைப் பிடித்துக்கொண்டு
நீதிமன்றத்துக்கு வருசக் கணக்கில் நடக்கலாம்.
நீர்ப்பாசனத்தில் ஓய்வுபெற்ற ஆதம்பாவா சேர்
அணைக்கதவு திருகுவதுபோல் தொகையை உயர்த்தினார்,
முப்பது, முப்பத்தைந்து, நாற்பது.
அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

பயிற்சியில் ஐந்து நாள் சொல்லித் தந்தார்கள்.
தீர்ப்புச் சொல்லாதே, புத்தி சொல்லாதே,
திறந்த கேள்வி கேள், பிறகு பொறுத்திரு.
கொப்பி நிறைய எழுதினேன்.
ஊரில் அதற்கெல்லாம் ஒரே சொல்தான்.

"ராவு மழை. டோர்ச் வெளிச்சத்தில ஒண்டும் தெரியல்ல."
மறுகா?
"கையில கத்தி இருந்த."
மறுகா?
"வெட்டுப்பட்டுப் போச்சு."

மூன்று அமர்வாக இதே இடத்தில் நிற்கிறார்.
மழை இருந்தது, இருட்டு இருந்தது, கத்தி இருந்தது,
அவர் மட்டும் அங்கே இல்லை.
எனக்குக் கோபம் வந்தது.
கோபம் வரக்கூடாது என்பதும் கொப்பியில் இருக்கிறது.
மேசையில் எவனோ கொம்பாசால் கீறிய பெயரை
விரலால் தடவிக்கொண்டு
இன்னொரு தரம் கேட்டேன், மெல்ல.
மறுகா?

பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டபடி
ஒழுங்கை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது.

"நான்தான் வெட்டினநான்."

எங்கள் பக்கத்துப் பேச்சில்
அந்த வசனத்துக்கு முன்னாலும் ஒரு நான், பின்னாலும் ஒரு நான்.
இத்தனை நாள் வராத மனிசன்
இரண்டு வாசலாலும் ஒரேயடியாக வந்தார்.

பொன்னுத்தங்கம் காசைக் கேட்கவில்லை.
"கத்தினதா?"
"இல்ல. பார்த்த."
"உங்களையா?"
"ஓம்."
"அது ஆரையும் அப்பிடித்தான் பாக்கும்" என்றாள்.
"தவிடு கொண்டாந்திருக்கெண்டு நினைச்சிருக்கும்."

ஆதம்பாவா சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
துடைக்காமலே திரும்பப் போட்டார்.

படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.
எழுதியது: நாற்பதாயிரம், நான்கு தவணை.
சின்னப்போகம் வெட்டியதும் ஒரு பெட்டி வைக்கோல்.
முள்ளுக்கம்பிச் செலவு பாதிப் பாதி.
மன்னிப்பு என்று எவரும் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
கையொப்பம் வைத்துவிட்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள்.
அடுத்த கோவை, மதிலுக்கு மேலால் சாய்ந்த தென்னை.

இரண்டாம் தவணை பிந்தியது.
மூன்றாவது பாதிதான் வந்தது.
ஆவணியில் ஒரு பின்னேரம் பொன்னுத்தங்கத்தின் அழைப்பு:
"தங்கச்சி, அந்தாள் மிசினில கொண்டாந்து கொட்டிட்டுப் போயிட்டார்.
ஈர வைக்கல். பிழிஞ்சா சொட்டும்."

வாயில் குண்டூசி இருந்தது. எடுத்துவிட்டுக் கேட்டேன்,
மறுகா?

கொஞ்ச நேரம் கன்றின் மணிச் சத்தம்.
"மறுகா என்ன.
றோட்டில காயப் போட்டிருக்கு."